எதிர்பார்க்கும் விளைவு: குழந்தை அழாது

பெரிய மனிதர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைச் செய்து முடிக்கச் சின்ன மனிதர்கள் தண்ணீர் குடிக்கவும் நேரமில்லாமல் அலைவார்கள். இந்தக் கதையும் அப்படித்தான் தொடங்கியது.

அது சோதனைக் கருவிகள் செய்யும் நிறுவனம். உலகத்தில் எத்தனையோ சாஃப்ட்வேர்கள் ஓடுகின்றன. அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்துச் சொல்லவும் சாஃப்ட்வேர் வேண்டுமல்லவா? அதைத்தான் அங்கே செய்து விற்றார்கள். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் மேடையேறி, "நம்ம கருவிங்க நாலு வயசுக் குழந்தைக்குக்கூடப் புரியணும்" என்று சொன்னார். எளிமையாகச் செய்யுங்கள் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். சொன்னதை அன்று மாலையே மறந்தும் போனார். ஆனால் முன்வரிசையில் இருந்த, தரத்தைக் கவனிக்கும் இயக்குநர் மறக்கவில்லை. மறு மாதமே 'மழலைப் புரிதல் பிரிவு' என்று ஒரு கதவில் பலகை மாட்டப்பட்டது. அதற்கு ஒரு நிபுணர் வந்தார். குழந்தைகளுக்குக் கடினமானவற்றை விளக்குவதில் பட்டம் பெற்ற இளைஞர். குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லாதவர் என்பதைத் தவிர அவரிடம் வேறு குறை சொல்ல முடியாது.

குழந்தைகளைத் தேடி வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. கட்டடத்தின் தரைத்தளத்திலேயே ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. அங்கே ஓர் ஆயா இருந்தாள். பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும் அளவுக்கு அகலமான ஆயா.

அந்தக் காப்பகத்தில்தான் நொட்டையக்காவின் மகளும் இருந்தாள்.

நொட்டையக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேர் நிரலில் குறை கண்டுபிடிப்பது அவளுடைய உத்தியோகம். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரைக்கும் நொட்டை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். அவளும் அந்தப் பெயருக்குக் கோபித்துக்கொண்டதில்லை. மகளுக்கும் ஒரு செல்லப்பெயர் இருந்தது, பட்டாணி. பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்ததால் அப்பா வைத்த பெயர்.

அந்த அப்பா இப்போது இல்லை. ஒருநாள் காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் வந்துடறேன்டா பட்டாணி" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டாணி சிரித்துக்கொண்டே கையாட்டினாள். தெருமுனை தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு லாரி வந்தது. அன்றிலிருந்து, கதவு வழியாக யாராவது வெளியே போனால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று பட்டாணி நம்புவதில்லை. நான்கு வயதுக்கு அதைவிட நியாயமான முடிவுக்கு எவரும் வந்துவிட முடியாது.

அதனால் தினமும் காலையில் காப்பகத்து வாசலில் அவள் அழுவாள். பிடிவாதக்கார அழுகை இல்லை. அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் விட்டுவிடப் போகிறோமோ என்று பயந்து அழும் அழுகை.

"நீங்க போங்கம்மா. லிஃப்ட் மேல போற சத்தம் கேட்டதும் கொஞ்சம் அடங்கிடும். அப்புறம் என் மடியில படுத்துப்பா" என்பாள் ஆயா.

"சாயங்காலம் வந்துடறேன்" என்று மட்டும் நொட்டையக்கா சொல்லவே மாட்டாள். "மேல நாலாவது மாடியில இருக்கேன்" என்பாள். அங்கே இருப்பது உறுதி அல்லவா.

நிபுணர் வகுப்பைத் தொடங்கினார். ஒரு கையில் பச்சைப் பொம்மை, மறு கையில் சிவப்புப் பொம்மை. ஆயா குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்தாள்.

"குட்டீஸ், நேத்து சரியா இருந்தது இன்னிக்கும் சரியா இருக்கான்னு நாம திரும்பத் திரும்பக் கேட்டுப் பாக்கணும். அதுக்கு ஒரு கருவி இருக்கு. இப்ப நாமளே செஞ்சு பாக்கலாமா?" என்றார். முன்னால் இருந்த பையனைக் காட்டி, "நேத்து உன் பேரு என்ன?" என்று கேட்டார்.

பையன் சொன்னான்.

"சரி. இன்னிக்கு உன் பேரு என்ன?"

பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி, "ஆயா, என் பேரை மாத்திட்டாங்களா?" என்று கேட்டான். உதடு பிதுங்கியது. அவனைப் பார்த்துப் பக்கத்துப் பெண்ணும் தன் பெயரைத் தேட ஆரம்பித்தாள். ஆயா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "எல்லாரு பேரும் பத்திரமா இருக்கு" என்று உறுதி கொடுத்த பிறகுதான் வகுப்பு அமைதியானது.

மறுநாள் சுமைச் சோதனை. ஒரு சாஃப்ட்வேர் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பதற்கான கருவியை விளக்க, மூன்று சக்கர சைக்கிள் ஒன்றில் குழந்தைகளை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டே போனார்கள். சைக்கிளின் முன்சக்கரம் முறிந்தது. 'கருவி வெற்றி, சைக்கிள் தோல்வி' என்று நிபுணர் பதிவு செய்தார். பிறகு எல்லாரிடமும், "இதிலேர்ந்து என்ன புரிஞ்சுது?" என்று கேட்டார்.

"சைக்கிள் செத்துப் போச்சு" என்றாள் பட்டாணி.

மாதக் கடைசியில் கூட்டம் நடந்தது. புரிதல் அளவு பூஜ்யம் என்று நிபுணர் தலைகுனிந்து சொன்னார். தர இயக்குநர் எழுந்தார். நல்ல குரல் அவருக்கு. எதைச் சொன்னாலும் நன்மையாகவே ஒலிக்கும்.

"குழந்தைகளுக்குப் புரியலைன்னா கருவியில குறைன்னு சிலர் நினைக்கறீங்க. கருவியை நாங்க சோதிச்சுட்டோம். அதுல குறை இல்லை. அப்ப மிச்சம் யாரு? குழந்தைங்க. அவங்களை இதுவரைக்கும் யாருமே சோதிக்கலை. நீச்சலைப் பாடம் நடத்தி யாராவது கத்துக்கிட்டாங்களா? தண்ணியில தள்ளணும். கருவியைக் குழந்தைங்களுக்கு விளக்க வேண்டாம். கருவியைக் குழந்தைங்க மேலயே ஓட விடுவோம். பட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். நொட்டையக்காவும் தட்டினாள், பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது கையைச் சும்மா வைத்திருப்பது எளிதில்லை.

பிறகு இயக்குநர் இன்னொன்றும் சொன்னார். தலைவர் வெளியூர் வாடிக்கையாளர்களோடு காப்பகத்தைப் பார்வையிட வரப்போகிறார். சோதனை முடிவுகளைக் காட்டக் காப்பகத்தில் ஒரு பலகை வரும், அன்றைக்கு அதில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்க வேண்டும். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தாலும் காப்பகத்தை மூடிவிட்டு அந்த இடத்தைக் கார் நிறுத்த எடுத்துக்கொள்வார்கள். "காருங்க வெயில்ல நிக்குது. அதுங்களையும் பாக்கணும் இல்லையா?" என்றார் வருத்தத்தோடு.

காப்பகம் மூடினால் பட்டாணி போக வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது. தொலைதூர ஊரில் நொட்டையக்காவின் அண்ணன் வீடு. மாதம் ஒருமுறைதான் போய்ப் பார்த்துவிட்டு வர முடியும். அண்ணன் போனில், "எதுக்கும்மா யோசிக்கறே? கொண்டாந்து விடு. அண்ணி தன் பிள்ளை மாதிரி பாத்துப்பா" என்றார். அவர்கள் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் மறுக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். பட்டாணியை அங்கே விட்டுவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தாண்டும் காட்சியை அவள் மனதில் ஓட்டிப் பார்த்தாள். கதவுவரைக்கும்தான் அவளால் போக முடிந்தது.

சோதனைகளை எழுதும் வேலை அவளிடமே வந்தது. "நொட்டையக்கா எழுதட்டும். அவங்க கண்ணுக்குத் தப்பினது எதுவும் இல்லை" என்றார் நிபுணர். ஒரு சோதனை எழுதுவது கடினமான காரியம் இல்லை. இரண்டே வரிதான். ஒன்று, செயல். இன்னொன்று, எதிர்பார்க்கும் விளைவு. நடந்தது எதிர்பார்த்ததோடு பொருந்தினால் கட்டம் பச்சையாகும். பொருந்தாவிட்டால் சிவப்பாகும். அவள் எழுதினாள். செயல்: பால் கொடுப்பது. எதிர்பார்க்கும் விளைவு: குழந்தை குடிக்கும். செயல்: பொம்மையை வாங்குவது. எதிர்பார்க்கும் விளைவு: குழந்தை கொடுக்க மறுக்கும். இதுவரை சரியாகத்தான் எழுதிக்கொண்டு வந்தாள்.

செயல்: பெற்றோர் விடைபெற்றுப் போவது. எதிர்பார்க்கும் விளைவு:

அங்கே அவள் விரல்கள் நின்றன. நடப்பதை எழுதுவதுதான் அவள் தொழில். ஆனால் அந்த ஒரு வரியைச் சோதனையாளர் எழுதவில்லை, தாய் எழுதினாள். 'குழந்தை அழாது' என்று எழுதினாள். எழுதிவிட்டு அது ஏதோ பிரார்த்தனை போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் காப்பகச் சுவரில் பெரிய பலகை ஏறியது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கட்டம். கூரையில் ஒரு மைக். காலையில் பெற்றோர் வாசலில் தங்கள் அட்டையை வைத்ததும் கருவி விழித்துக்கொள்ளும். அப்போது மைக்கில் எந்த அழுகை கேட்டாலும் அது அட்டைக்குரிய குழந்தையின் கணக்கில் ஏறும். முதல் நாளே ஒரு தகப்பனார் அட்டையை வைத்த நேரத்தில் ஆயாவின் அடுப்பறையில் கெட்டில் கூவியது. ஜன்மத்தில் அழாத அவருடைய மகனின் கட்டம் சிவந்துவிட்டது.

நொட்டையக்கா முறைப்படி குறை பதிந்தாள்: 'அழுவது யார் என்று கருவிக்குத் தெரியவில்லை.'

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். "அழுகைன்னா அழுகைதான். யாரோட அழுகைன்னு பாக்க ஆரம்பிச்சா ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா, சொல்லுங்க?" என்றார் கனிவாக. குறைப் பதிவு மூடப்பட்டது. 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று அதன் கீழே ஒரு வரி வந்து உட்கார்ந்தது. கெட்டிலை மட்டும் எடுத்துப் போய்விட்டார்கள்.

நாளாக ஆக எல்லாக் கட்டமும் பச்சையானது. பட்டாணியின் கட்டம் மட்டும் தினமும் சிவப்பு. குடம் பாலில் துளி விஷம் என்பதுபோல மற்றப் பெற்றோர் அந்தக் கட்டத்தையே பார்த்தார்கள்.

"அக்கா, ஊரு சாஃப்ட்வேர்ல எல்லாம் நொட்டை கண்டுபிடிக்கறீங்க. உங்க வீட்டு உருப்படியைக் கொஞ்சம் கவனிங்களேன்" என்றார் ஒருவர், லிஃப்ட்டில். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கும் அந்தக் காப்பகத்தில் இரட்டைக் குழந்தைகள் இருந்தார்கள். காப்பகம் மூடினால் அவர் மனைவி வேலையை விட வேண்டியதுதான். அதனால் நொட்டையக்காவும் சிரித்து வைத்தாள்.

நிபுணர் பட்டாணியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார், பொம்மைகளைக்கூட எடுக்கவில்லை.

"பாப்பா, நீ அழுதா அந்தக் கட்டம் சிவப்பா ஆகுது. சிவப்பா ஆனா உன் அம்மாவுக்குக் கெட்ட பேரு. அப்புறம் உன்னை அம்மாகிட்டேர்ந்து தூரமா அனுப்பிடுவாங்க. பச்சையா இருந்தா அம்மா கூடவே இருக்கலாம். புரிஞ்சுதா?"

பட்டாணி கட்டத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "அது கேட்டுட்டே இருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"புரிஞ்சுது" என்றாள்.

மழலைப் புரிதல் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து ஒரு குழந்தைக்கு ஒரு கருவி முழுமையாகப் புரிந்தது அதுதான் முதல் தடவை. நிபுணர் அதைப் பெருமையோடு பதிவு செய்தார்.

மறுநாள் காலை பட்டாணி அழவில்லை. அம்மாவின் விரலைத் தானாகவே விட்டாள். கீழுதட்டை உள்ளே இழுத்துப் பல்லால் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டம் பச்சையானது. மேலே நான்காவது மாடியில் சாக்லேட் கொடுத்தார்கள். இரட்டைக் குழந்தைகளின் தகப்பனார் நொட்டையக்காவின் கையைப் பிடித்து, "மன்னிச்சுடுங்கக்கா, அன்னிக்குச் சொன்னதுக்கு" என்றார். நொட்டையக்கா சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டாள். நிம்மதியாகத்தான் இருந்தது, மதியம் வரைக்கும்.

மதியம் கீழே போனபோது ஆயா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சாப்பிடலைம்மா. படுக்கவும் இல்லை. பலகையைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. மடிக்கு வாடின்னா, 'வேணாம் ஆயா, நான் பச்சை'ங்கறா." ஆயா குரலைத் தாழ்த்தினாள். "அவ உதட்டைப் பாத்தீங்களா?"

கீழுதட்டின் உள்பக்கம் பல் பதிந்து கன்றியிருந்தது.

அன்று மாலை வீட்டுப் படிக்கட்டில் பட்டாணி தடுக்கி விழுந்தாள். முழங்கால் உராய்ந்து ரத்தம் வந்தது. அவள் அழுவதற்காக வாயைத் திறந்தாள். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"இங்க அது இல்லை கண்ணு" என்றாள் நொட்டையக்கா.

"இருந்தாலும் இருக்கும்" என்றாள் பட்டாணி.

படைத்தவன் கண்ணீரைக் கொடுத்தபோது அதற்கு எதிர்பார்க்கும் விளைவு என்று எதையும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அதை எழுதியது தன் கைதான் என்று நொட்டையக்கா மகளின் முழங்காலைத் துடைத்தபடி நினைத்தாள். எத்தனையோ பேருடைய தவறைக் கண்டுபிடித்த கண்ணுக்குத் தன்னுடைய ஒரு வரி தப்பிவிட்டது.

மறுநாள் இயக்குநரிடம் போனாள்.

"சார், ஒரு டெஸ்ட்ல எதிர்பார்க்கும் விளைவைத் தப்பா எழுதிட்டேன். மாத்தணும்."

"எது?"

"பெற்றோர் போற டெஸ்ட். என் பொண்ணுக்கு மட்டுமாவது மாத்தணும். குழந்தை அழும்னு."

"அது இப்ப பச்சையாத்தானே இருக்கு? பச்சையா இருக்கறதை யாராவது தப்புன்னு சொல்வாங்களா?"

"அப்பா போய்த் திரும்பி வராத குழந்தை சார். அம்மா போறப்ப அழும். அழறதுதான் சரி. அழலைன்னாத்தான் ஏதோ கெட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்."

இயக்குநர் யோசித்தார். அவரும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்தான். ஆனால் யோசனை அந்தப் பக்கம் போகாமல் வேறு பக்கம் போய்விட்டது. "அழறதும் சரின்னு சொல்லிட்டா, அப்புறம் நாம வாடிக்கையாளருக்கு எதை விக்கறது?" என்றார்.

நொட்டையக்கா தன் இடத்துக்கு வந்தாள். சோதனையை எழுதியவர் என்ற முறையில் அதைத் திருத்தும் அனுமதி அவளுக்கு இருந்தது. பட்டாணியின் வரியைத் திறந்தாள். 'அழாது' என்பதை அழித்தாள். 'அழும்' என்று எழுதினாள். மாற்றியவர் என்ற இடத்தில் தன் பெயரையே போட்டாள். இனி மகள் அழுதால் பச்சை. அழுதுகொண்டே அம்மா கூடவே இருக்கலாம். நாளை தலைவர் வரும் நாள்.

காலையில் வரும் வழியில் மகளிடம் சொன்னாள். "பட்டாணி, இனிமே நீ அழலாம்டா. அழுதாத்தான் பச்சை. அம்மா மாத்திட்டேன்."

பட்டாணி உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். "வேணாம்மா. நான் பழகிட்டேன்" என்றாள்.

காப்பகத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. தலைவர், வாடிக்கையாளர்கள், அவர்களுக்குப் பின்னால் நான்கு மாடியிலிருந்தும் இறங்கி வந்த ஊழியர்கள். இயக்குநர் பலகைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். "இங்க எந்தக் குழந்தையையும் நாங்க கட்டாயப்படுத்தறதில்லை. அவங்க எப்படி இருக்கணும்னு முதல்லயே எழுதிடறோம், அவ்வளவுதான். அப்படியே இருந்துடறாங்க." வாடிக்கையாளர்கள் தலையசைத்தார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக அட்டையை வைத்தார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின.

நொட்டையக்கா அட்டையை வைத்தாள். பட்டாணி விரலை விட்டுவிட்டு உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். அறை அமைதியாக இருந்தது.

கட்டம் சிவந்தது.

"இந்தக் குழந்தைக்கு என்ன? சமர்த்தாத்தானே நிக்குது?" என்றார் தலைவர்.

நிபுணர் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் நொட்டையக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேசுவதற்கு அது நேரமில்லை என்று தெரிந்து பட்டாணியின் முன்னால் குனிந்தார்.

"பாப்பா, கொஞ்சம் அழும்மா."

பட்டாணி அவரைப் பார்த்தாள்.

"பயப்படாதே. நல்லா அழு. எல்லாரும் காத்துட்டு இருக்காங்க பாரு."

நிபுணர் ஒரு சாக்லேட்டை எடுத்துக் காட்டிவிட்டுச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதாவது அழுவாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. பட்டாணி அதைக் கவனிக்கவே இல்லை. இரட்டைக் குழந்தைகளின் தகப்பனார் பின்வரிசையிலிருந்து, "அழுடா செல்லம், அழுடா" என்று மெதுவாகக் கெஞ்சினார். பெரியவர்கள் ஓர் அறை நிறைய நின்றுகொண்டு ஒரு குழந்தையை அழச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தன்னைச் சோதிக்கிறார்கள், ஏமாந்து அழுதுவிடக் கூடாது என்று பட்டாணி நினைத்திருக்க வேண்டும். பல்லை இன்னும் இறுக்கினாள். உதட்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது.

நொட்டையக்கா மண்டியிட்டாள். "விட்டுடு கண்ணு. உதட்டை விட்டுடு" என்றாள். கணவர் போனபோது, குழந்தை பார்க்கிறாளே என்று அடக்கி வைத்தது, அலுவலகத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அடக்கி வைத்தது, எல்லாம் அந்த வாசலில் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொள்ளவும் தோன்றாமல் அழுதாள்.

கூரை மைக் கேட்டது. அழுகை என்றால் அழுகைதான், பட்டாணியின் கணக்கில் ஏறியது. கட்டம் பச்சையானது.

பலகை முழுவதும் பச்சை. இயக்குநர்தான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். "பிரமாதம். நாலு வயசுக் குழந்தைக்கே புரிஞ்சிருக்கே" என்றார் தலைவர், தன் பழைய வாக்கியம் ஒன்று நினைவுக்கு வந்ததுபோல. காப்பகம் தொடர்ந்து நடக்கும் என்று அங்கேயே அறிவித்தார்கள்.

பலகைக்கு முதுகைக் காட்டி நின்ற பட்டாணிக்கு எந்த நிறமும் தெரியவில்லை. அம்மாவின் வாயைத் தன் சின்னக் கையால் பொத்தினாள்.

"சத்தம் போடாதம்மா. சிவப்பு வந்துடும். உதட்டை இப்படி உள்ள வெச்சுக்கோ. கொஞ்ச நேரத்துல போயிடும்."

ஆயா எங்கிருந்தோ வந்தாள். கூட்டத்துக்கும் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, முதுகைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அவள் அகலத்துக்குப் பின்னால் தாயும் மகளும் மறைந்து போனார்கள். கை தட்டியவர்கள் தேநீருக்குப் போகும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

பார்வையாளர்கள் போன பிறகு அந்தப் பலகையை நிறுவனத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாம் பச்சையாக இருந்த ஒன்றை மறுபடியும் எதற்குப் பார்ப்பது?

ஆயா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு கை பஞ்சு எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி, கூரை மைக்கின் ஓட்டைகளில் அடைத்தாள். இறங்கி வந்து, "அது தூங்கட்டும்" என்றாள்.

பட்டாணி கூரையைப் பார்த்தாள். "அதுக்கு இப்ப கேக்காதா?"

"கேக்காது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

நொட்டையக்கா மகளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாணி வெகுநேரம் யோசித்தாள். பிறகு உதட்டை மெல்ல விட்டாள். குளிர்ந்த தண்ணீரில் கால்விரல் நுனியை வைத்துப் பார்ப்பவளைப் போல, ஒரே ஒரு விம்மலை மட்டும் வெளியே விட்டுவிட்டு, பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.